ஈரத்துவாய் சொட்டிய இடம்

அம்மா,

கையைத் திரும்பத் திரும்பக் கழுவிவிட்டேன். பாத்திரம் கழுவும் திரவத்தில் சீனியைப் போட்டும் தேய்த்துப் பார்த்தேன். நகக்கண்ணில் இருந்த கறுப்பு கொஞ்சம் குறைந்தது, மணம் போகவில்லை. எஞ்சின் எண்ணெயும் சூடான ரப்பரும் கலந்த மணம். கார் வழியில் நின்ற நாட்களில், வீட்டுக்கு வந்து என் தலையைத் தடவும்போது உங்கள் கையில் இருந்த அதே மணம். இப்போது ஒரு கையால் எழுதுகிறேன். மற்றக் கையை மூக்கருகே வைத்திருக்கிறேன்.

அப்பா பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். கைபேசி வெளிச்சம் கதவின் கீழால் போகாமல் தலையணையை நிறுத்தி வைத்திருக்கிறேன். உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரிந்தால் கோபிக்கமாட்டார், அழுவார். அவர் அழுவதைப் பார்க்க எனக்குப் பயம். வகுப்பில் கை உயர்த்தப் பயம், தொலைபேசி எடுத்துப் பேசப் பயம், எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் இன்று இரவு இருக்கும் பயம் புதியது.

நாளைக்கு அப்பா உங்கள் காரை நகரத்தின் மறுபக்கம் ஹரோவில் இருக்கும் பெரியப்பா வீடுவரை ஓட்டிப் பார்க்கப்போகிறார். வழியில் அது நின்றுவிட்டால், பழைய கார் உடைக்கும் ஆள் வந்து இழுத்துக்கொண்டு போவார். நிற்காவிட்டால் எங்களோடு இருக்கும். அந்தக் காருக்குள் நான் பொருத்திப் பூட்டிய ஒரு சாமான் இருக்கிறது, அம்மா. நான், தனியாக, என் கையால் பூட்டியது. பயம் அதனால்தான். நெஞ்சுக்குள் இருக்கும் பெருமையும் அதனால்தான். அது உங்களுக்கும் சேர்த்து.

கார் முதன்முதலாக நின்ற நாளில் நானும் உங்களோடு இருந்தேன். பள்ளி விடுமுறை. நீங்கள் ஒரு முதியவரின் வீட்டிலிருந்து அடுத்த முதியவரின் வீட்டுக்குப் போகும் நேரம். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் கேரர் வேலையில் இரண்டு வீட்டுக்கும் இடையில் மூச்சு விட நேரமிருக்காது. மிச்சம் கொமன் என்ற புல்வெளியைத் தாண்டி, சிவப்பு விளக்கில் நின்று, பச்சை விழுந்தபோது எஞ்சின் செத்துவிட்டது. இருமவில்லை, குலுங்கவில்லை. மின் ஆளியை அணைத்ததுபோல நின்றது. பின்னால் வான் வண்டி ஓட்டி வந்த ஒருவர் ஹோனில் கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. நான் இருக்கையில் வழுகி, தலை வெளியே தெரியாதபடி கீழே போனேன்.

"ஏன் பதுங்கிறாய்? நாங்கள் என்ன களவே எடுத்தனாங்கள்?" என்றீர்கள்.

நான்கு விளக்கையும் மினுங்க விட்டீர்கள். கீழே இறங்கினீர்கள். வான்காரரைப் பார்த்து, "டூ மினிற்ஸ், டார்லிங்" என்று ஒரு கையைக் காட்டினீர்கள். தலை நரைத்த அந்த மனிதர் வாயைத் திறந்தபடியே இருந்துவிட்டு ஹோனிலிருந்து கையை எடுத்தார். நீங்கள் எஞ்சின் மூடியான பொனற்றைத் திறந்தது, நமது வீட்டு அலுமாரியைத் திறப்பதுபோல இருந்தது. பின்பக்கத்திலிருந்து முகம் துடைக்கும் துவாயை எடுத்து, போத்தல் தண்ணீரை ஊற்றி, சொட்டச் சொட்ட எஞ்சினின் பின்பக்கமாக ஓடும் பெற்றோல் குழாயின்மேல் போட்டீர்கள். கொஞ்சம் பொறுத்து சாவியைத் திருப்பினீர்கள். கார் உயிர்த்தது.

"என்னம்மா செய்தனீங்கள்?"

"காய்ச்சல். ஈரச்சீலை போட்டன். உனக்கும் அப்பிடித்தானே போடுறனான்."

அன்று வழியெல்லாம் சொன்னீர்கள். பொருளாதாரத் தடை இருந்த காலம். யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது. மோட்டார் சைக்கிளைத் துளிப் பெற்றோலில் எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டியிருக்கிறீர்கள். எஞ்சின் கொதித்து வழியில் நிற்கும். ஈரச்சீலை போட்டால் திரும்ப ஓடும். என் வயதில் நீங்கள் அப்படி ஓட்டி, பிள்ளைப்பேற்று வலி வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு மருத்துவிச்சியை ஏற்றி வந்திருக்கிறீர்கள். "மண்ணெண்ணெயில ஓடின ஆக்களுக்கு இது ஒரு வருத்தமே?" என்று சிரித்தீர்கள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு உங்களைப் பார்த்தேன். என் அம்மா இப்படி ஒருத்தி என்று வகுப்பில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்போல இருந்தது. கை உயர்த்தத்தான் பயம்.

அந்தக் கோடை முழுவதும் துவாயும் தண்ணீர்ப் போத்தலும் காரின் பின்னால் இருந்தன. ஊரில் அந்தக் காலத்தில் வாழ்ந்த எல்லோருமே எஞ்சின் வைத்தியர்கள் என்பதை அப்போதுதான் கண்டேன். யாரிடம் கார் நிற்கிறது என்று சொன்னாலும், "பெற்றோல் கொதிக்குது, ஈரச்சீலை போடு" என்றுதான் சொன்னார்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஒருவர்கூட வேறு ஒன்று சொல்லவில்லை. எங்கள் காரில், சூட்டில் பெற்றோல் ஆவியாகி அடைக்கும் அந்தக் காலத்துக் கார்புரேற்றரே இல்லை என்பதை ஒருவரும் நினைக்கவில்லை. நீங்களும் நினைக்கவில்லை, அம்மா. சொல்லலாம்தானே?

ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டுக்கு, பூப்புனித விழாவுக்கு, போன நாள் நினைவிருக்கிறதா? எனக்கு ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது, ஏனென்றால் விடை அன்றுதான் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. நீங்கள் மாம்பழ நிறப் பட்டுச்சாறி கட்டியிருந்தீர்கள். மண்டபத்துக்குத் திரும்பும் வளைவில் கார் நின்றது. சாறியில் தண்ணீர் படக்கூடாது என்று துவாயை நன்றாக முறுக்கிப் பிழிந்து, உதறி, மடித்து, குழாயின்மேல் பக்குவமாக வைத்தீர்கள். சாவியைத் திருப்பினீர்கள். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. திரும்பவும் திருப்பினீர்கள். பிடிக்கவில்லை. அப்பா பரிசுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பெரியப்பா மண்டபத்திலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து வந்தார்.

"என்ன தங்கச்சி, கலியாணக் குதிரை நிண்டிட்டுதோ?"

"ஈரச்சீலை போட்டிருக்கிறன் அத்தான். இப்ப பிடிக்கும்."

"சீலைக்குக் கேக்காட்டி அது பம்ப்தான். பம்பை மாத்து. நான் எத்தினை எஞ்சின் பாத்தனான்!"

கார் தானாக ஆறிப் பிடிக்கும்போது உள்ளே பந்தி முடிந்து, வாழையிலை வடிவக் கடதாசித் தட்டுகளும் முடிந்திருந்தன. ஆளுக்கு ஒரு வடையோடு வீடு வந்தோம். அடுத்த கிழமை புதுப் பெற்றோல் பம்ப் பூட்டினீர்கள். அதற்குப் பிறகும் கார் நின்றது. மறுபடி துவாய்க்குப் போனீர்கள். வேலை உடுப்பில் தண்ணீர் பட்டால் என்ன, சொட்டச் சொட்டப் போட்டீர்கள், பிடித்தது.

குளிர் தொடங்கியதும் கார் நிற்பதை விட்டுவிட்டது. "பாத்தியே, சுகமாகிட்டுது" என்றீர்கள். தை மாதத்தில் நீங்கள் போனீர்கள். ஒரு காலை, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது. அதைப்பற்றி இன்று எழுதமாட்டேன்.

அதன்பிறகு கார் வீட்டு முன்றலில் நின்றது. அப்பா ட்ராமில் வேலைக்குப் போகிறார். வரும்போது காரைப் பார்க்காமல் கதவைத் திறக்கிறார். போன கிழமை பெரியப்பா வந்தார். உங்கள் இறுதிக் காரியங்கள் எல்லாவற்றையும் முன்னின்று செய்தவர் அவர்தான். அப்பா சாப்பிடாத நாட்களில் ஹரோவிலிருந்து சாப்பாடு கொண்டுவந்தவரும் அவர்தான். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

"தம்பி, இது கண்ணுக்கு முன்னால நிண்டா உனக்கு ஆறாது. ஓடுற காருமில்லை. தெரிஞ்ச ஆள் ஒருத்தன் இருக்கிறான், சனிக்கிழமை வந்து இழுத்துக்கொண்டு போவான்."

அப்பா, "ஓம் அண்ணை" என்றார்.

நான் படிக்கட்டில் இருந்து கேட்டேன். இறங்கிப் போய் "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் படுக்கையில் கிடந்தபோது ஒன்று தோன்றியது. பிழிந்த துவாய்க்குக் கார் பிடிக்கவில்லை. சொட்டும் துவாய்க்குப் பிடித்தது. இரண்டு தரமும் குழாயின்மேல் குளிர் இருந்தது. வேறுபாடு என்ன? தண்ணீர் கீழே விழுந்தது. அப்படியென்றால், அது எதன்மேல் விழுந்தது?

அதோடு இன்னொன்று. உங்களுக்குப் பக்கத்தில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது ரோட்டை அல்ல. ரோட்டைப் பார்க்கப் பயம். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்டும் ஊசியைத்தான். கார் நிற்கும்போது அந்த ஊசி மெல்ல இறங்காது. ஒரேயடியாகப் பூச்சியத்தில் விழும். பிறகு நீங்கள் சாவியைத் திருப்பி எஞ்சின் கரகரவென்று சுற்றும்போதும் அந்த ஊசி அசையாது. எஞ்சின் சுற்றுகிறது, ஊசிக்கு அது தெரியவில்லை.

கைபேசியில் தேடித்தேடி வாசித்தேன். எஞ்சின் சுற்றுகிறது என்று காரின் கணினிக்குச் சொல்ல ஒரு சென்சர் இருக்கிறது. அது சொல்லாவிட்டால் கணினி பெற்றோலும் விடாது, பொறியும் விடாது. அது பழுதானால் சூட்டில் பேச்சை நிறுத்தும், ஆறினால் பேசும். எங்கள் காரில் அது எங்கே இருக்கிறது என்று படம் பார்த்தேன். பெற்றோல் குழாய்க்கு நேர் கீழே, அம்மா. துவாய் சொட்டும் இடத்தில்.

வாசித்தது போதாது என்று நினைத்தேன். பெரியப்பாவும் நிச்சயமாகத்தான் சொன்னார். அதனால் சோதித்துப் பார்த்தேன். பள்ளி முடிந்து வந்து, அப்பா வர முதல், முன்றலிலேயே காரை இயக்கி விட்டேன். இத்தனை மாதம் நின்றும் பற்றரி சாகவில்லை. வெயில் நன்றாக எரித்தது. முன்னால் விசிறி சுற்றத் தொடங்கி, நிறுத்தி, மறுபடி சுற்றி, பிறகு எஞ்சின் செத்தது. ஊசி பூச்சியம். ஒரு கார் நின்றதற்கு உலகத்தில் யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கமாட்டார்கள்.

தலை வாரும்போது என் முடிக்குத் தண்ணீர் அடிப்பீர்களே, அந்தப் போத்தலை எடுத்தேன். முதலில் குழாயை மட்டும் நனைத்தேன். ஒரு துளியும் கீழே விழாதபடி அடியில் காய்ந்த துணியைப் பிடித்துக்கொண்டேன். சாவியைத் திருப்பினேன், பிடிக்கவில்லை. பிறகு குழாயை விட்டுவிட்டு, கீழே இருக்கும் சென்சரில் மட்டும் தண்ணீர் அடித்தேன். சாவியைத் திருப்பினேன்.

உடனே பிடித்தது.

பொனற்றுக்கு முன்னால் நின்று அழுதேன். நீங்கள் நினைத்த காரணம் பிழை, அம்மா. ஆனால் உங்கள் கை போன இடம் சரி. நீங்கள் அந்தக் கோடை முழுவதும் சரியான இடத்துக்குத்தான் மருந்து போட்டுக்கொண்டிருந்தீர்கள், தெரியாமல். நீங்கள் துவாயைப் பிழிந்த அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் நான் கண்டுபிடித்திருக்கமாட்டேன்.

கார்ச் சாமான் கடையில் புதுச் சென்சர் வாங்கக் காரின் நம்பரைச் சொன்னேன். கடைக்காரர் ஆங்கிலத்தில், "அப்பாவுக்கா?" என்று கேட்டார். தலையாட்டுவதுதான் என் பழக்கம். ஆனால் வாய் தானாக, "இல்லை, எனக்கு" என்றது. அவர் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆறின பிறகு கழட்டு. போல்ட்டை இறுக்கி உடைச்சிடாதே" என்றார். அந்த மரியாதையைப் பையில் போட்டுக்கொண்டதுபோல வீட்டுக்கு வந்தேன்.

இன்று பின்னேரம் பூட்டினேன். அப்பா கட்டில் பூட்ட வாங்கிய, போல்ட் திருகும் சாவிப் பெட்டிதான். ஒரு போல்ட், ஒரு பிளக். போல்ட் அசைய மறுத்தது. உடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நிறுத்தினேன். கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பொறுத்திருந்து திருப்பினேன், முனகிக்கொண்டு கழன்றது. பழைய சென்சரின் நுனி வெடித்திருந்தது. புதியதைப் பூட்டி, காரை இயக்கி, விசிறி சுற்றும்வரை காத்திருந்தேன். விசிறி சுற்றி நின்றது, மறுபடி சுற்றியது. எஞ்சின் நிற்கவில்லை.

அப்போது அப்பா ஓடி வந்தார். நடந்து அல்ல, ஓடி. சாப்பாட்டுப் பை தோளிலிருந்து முழங்கைக்கு வழுகியிருந்தது. மூச்சு வாங்கியது. காரைப் பார்த்தார். வெறுமையாக இருந்த ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"சந்தியிலயே சத்தம் கேட்டுது" என்றார். ஏன் ஓடி வந்தார் என்று எனக்குத் தெரிந்தது.

"ஆர் ஸ்ராட் பண்ணினது?"

"நான்."

"உன்னை ஆர் தொடச் சொன்னது? கை போனா என்ன செய்யிறது?"

"கை இருக்கு அப்பா. பாருங்கோ."

கறுத்த இரண்டு கையையும் நீட்டினேன். அவர் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: பிழிந்த துவாய், சொட்டிய துவாய், ஊசி, தண்ணீர்ப் போத்தல். வாழ்நாளில் அப்பாவிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அவர் உள்ளே ஏறி உட்கார்ந்தார். இருக்கை உங்கள் அளவுக்கு முன்னால் இருக்கிறது. அவருடைய முழங்கால் ஸ்ரியரிங்கில் இடித்தது. பின்னால் தள்ளவில்லை. அப்படியே ஒடுங்கி இருந்தார். எஞ்சினை அணைத்தார், சூட்டிலேயே கொஞ்சநேரம் விட்டார், திருப்பினார். பிடித்தது.

"வீட்டு வாசல்ல ஓடுறது பெரிசில்லை. நாளைக்கு அண்ணை வீடு வரைக்கும் ஓடிப் பாப்பம். இடையில நிண்டா அண்ணை சொன்னபடி குடுப்பம். நிண்டா நீயும் ஒண்டும் சொல்லக்கூடாது. சரியே?"

"சரி" என்றேன். அதனால்தான் நித்திரை வரவில்லை.

*

நேற்று அதோடு நிறுத்திவிட்டேன். இப்போது மறுநாள் இரவு. அதே தலையணை, அதே வெளிச்சம்.

புறப்படும்போது அப்பா இருக்கையின் கீழ்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தார். "கால் மடங்குது. தள்ளட்டே?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். இருக்கை பின்னால் போனது.

வெயில் நேற்றையதைவிட மோசம். ஹேங்கர் லேனில் வாகனங்கள் அசையவில்லை. முன்னால் பேருந்து, பக்கத்தில் லொறி, ஒதுங்க இடமில்லை. விசிறி ஓயாமல் சுற்றியது. நான் ஊசியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஊசியைப் பாத்துப் பாத்து அதையும் பயப்படுத்தாதை" என்றார் அப்பா.

"நீங்கள் ரோட்டைப் பாருங்கோ. நான் ஊசியைப் பாக்கிறன்."

அப்பா சிரித்தார், அம்மா. தை மாதத்துக்குப் பிறகு முதற்தடவை. சிரிக்கும்போது கையில் வியர்வை; அவருக்கும் பயம் என்று அப்போதுதான் கண்டேன். பயந்த இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு உங்கள் கார் ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது. எஞ்சின் நிற்கவில்லை.

பெரியப்பா வாசலில் காத்திருந்தார். நாங்கள் இறங்க முதலே பொனற்றைத் திறக்கச் சொன்னார். "அணை. கொதியோட அணைச்சுப் போட்டு ஸ்ராட் அடிச்சாத்தான் தெரியும்" என்றார். அது சரியான சோதனை. எஞ்சின் நின்ற பிறகுதான் உள்ளே சூடு ஏறும். அப்பா அணைத்தார். பெரியம்மா தேநீர் கொண்டுவந்தார். நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், குடிக்கவில்லை. பெரியப்பா ஊதி ஊதிக் குடித்து முடித்துவிட்டு, "இப்ப அடி" என்றார்.

பிடித்தது. ஊசி எழும்பி, அதன் இடத்தில் அமைதியாக நின்றது.

பெரியப்பா எஞ்சினை ஒரு பக்கமாகவும் மறுபக்கமாகவும் குனிந்து பார்த்தார். "நான் சொன்னன்தானே, பம்ப் மாத்தினா சரி எண்டு. இப்பதான் அது பழகியிருக்குது" என்றார். பெரியம்மா, "சும்மா இருங்கோ, பம்ப் என்ன பள்ளிக்கூடமே போய்ப் பழகிறதுக்கு" என்றார். பெரியப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கைபேசியை எடுத்து, கார் உடைக்கும் ஆளுக்கு வரவேண்டாம் என்று எங்களுக்கு முன்னாலேயே சொன்னார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"சரி, மெய்யாச் சொல்லு. எந்த கராஜில குடுத்தனி? ஆர் திருத்தினது?"

நான் நிலத்தைப் பார்த்தேன். அப்பா என்னைச் சொல்வார் என்று நினைத்தேன். இந்த அறையில், இந்தப் பயங்களுக்கு நடுவில், இனி நான் வைத்திருக்கப்போவது அப்பா அப்போது சொன்ன சொல்லைத்தான்.

"தாயும் மகளும்" என்றார்.

எஞ்சின் சத்தத்தில் பெரியப்பாவுக்குக் கேட்கவில்லை. "ஆர்?" என்றார்.

அப்பா எஞ்சினை அணைக்கவில்லை. அதற்கு மேலால், தெருவுக்கே கேட்கும்படி, திரும்பவும் சொன்னார்.